இனிஷியலுக்கு முன்னால்

லூக் லாஃப்ளூர் நல்ல மனிதர். என் தலையெழுத்து, எனக்கு வந்த கேடெல்லாம் நல்ல மனிதர்களால்தான்.

தோஹாவில் எங்கள் சைட்டுக்கு அவர் மேனேஜர். நான் ஸ்டோர் கீப்பர். அவர் கனடாவில் பிரெஞ்சு பேசும் பக்கத்துக்காரர். சொந்த வம்சத்தைத் தேடுவது அவருக்கு ஒரு பைத்தியம். டீ குடிக்க உட்கார்ந்தால் போதும், அந்தக் காலத்தில் சிப்பாயாகக் கப்பலேறிப் போன முப்பாட்டனில் ஆரம்பித்துவிடுவார். சிப்பாய்களுக்குப் படைத்தலைவன் பட்டப்பெயர் வைப்பானாம். இவருடைய முப்பாட்டனுக்குக் கிடைத்தது ‘லாஃப்ளூர்’, அதாவது ‘பூ’. பிள்ளைகளில் பாதிப்பேர் பழைய குடும்பப் பெயரை விட்டுவிட்டு அந்தப் பூவையே வைத்துக்கொண்டார்களாம். அவர் மனைவி கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா வீட்டுப் பெயரில்தான் இருக்கிறாராம். அங்கே சட்டமே அப்படியாம்.

“உன் குடும்பப் பெயர் என்ன, மணி?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“எங்களுக்கு அது கிடையாது சார். அப்பா பெயரில் முதல் எழுத்து மட்டும்தான்.”

“அதற்கு முன்னால்?”

ஒன்றுமில்லை என்றேன். என் பூட்டனுக்கும் ஒருவர் பெயர் வைத்தார், பண்ணையார். அது பூ இல்லை. வாய்விட்டுச் சொல்லும்படியான பெயரும் இல்லை. கே. மணிமாறன் என்று எழுதினால் அதெல்லாம் வெளியே தெரியாது. அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தேன்.

ஒளிய என்ன அவசியம் என்று கேட்பீர்கள். நஜ்மாவில் எங்கள் ரூமுக்கு வந்து பார்த்தால் தெரியும். ஃபோர்மேன் பாண்டித்துரை அண்ணன், வைரவன், நான். வெள்ளிக்கிழமை அண்ணன்தான் கறி சமைப்பார். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, மூவரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்போம்.

“டேய், எலும்ப எம்பக்கம் தள்ளிவிட்டுட்டுக் கறிய மட்டும் பொறுக்குறியா?” என்று என் கையைத் தட்டிவிடுவார்.

வந்த புதிதில், எந்தப் பக்கம் என்று கேட்டார். மானாமதுரைப் பக்கம் என்றேன். “அப்ப நம்ம பயதான்” என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. அந்தத் தாம்பாளம் எனக்கு வேண்டியிருந்தது. ஊரில் அவரைப் போன்ற ஆட்கள் யாரும் என்னை அப்படிப் பக்கத்தில் உட்காரவைத்ததில்லை.

என் பிறந்தநாளுக்கு சைட் ஆபீசில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் கூடியிருக்க, லூக் சார் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தை நீட்டினார். என் பாஸ்போர்ட் விலாசத்தை வைத்துத் தேடி, வானத்திலிருந்து எடுத்த எங்கள் ஊர்ப் படத்தைப் பெரிதாக அச்சடித்திருந்தார். என் தெருவைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

“இது கோயில், இது குளம், இது ஊர். உன் தெரு மட்டும் ஏன் வயலைத் தாண்டி இவ்வளவு தள்ளி இருக்கிறது?”

நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். பாண்டித்துரை அண்ணன் குனிந்து படத்தைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

“பழைய ஊர் சார், அப்படித்தான் இருக்கும்” என்றேன். லூக் சார் சந்தோஷமாக என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தேங்க்யூ என்றேன். வேறென்ன சொல்வது?

அந்த வெள்ளிக்கிழமையும் அண்ணன் கறி சமைத்தார். தாம்பாளத்தை எடுக்கவில்லை. புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் தட்டில் சோறு போட்டு, கறியைத் தாராளமாக வைத்து, என் கட்டில் பக்கம் கொண்டுவந்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

“சாப்பிடுங்க மணிமாறன்” என்றார்.

வைரவன் தலையைத் தூக்கவே இல்லை. ஒரு வார்த்தை வைதிருந்தால் நானும் பதிலுக்கு வைதிருப்பேன். இவ்வளவு கறியை வைத்து, மரியாதையும் கொடுக்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது? போதும்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அவரை அண்ணன் என்று இனிமேல் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

அவர் இன்னும் ஒரு கரண்டி கறி போட்டார்.