தங்கையின் அறுநூற்று மூன்று

இறந்து இரண்டு வாரம் ஆன பிறகும், தங்கை அக்காவின் அழைப்பைத் துண்டித்துக்கொண்டுதான் இருந்தாள். அதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு வேலையே அதுதான். இணையம் வழியாகத் தொலைபேசி இணைப்புத் தரும் நிறுவனத்தில், அழைப்புகள் ஏன் போய்ச் சேரவில்லை என்று பார்ப்பவள். ஒவ்வொரு அழைப்புக்கும் மறுமுனை ஒரு எண்ணைப் பதிலாக அனுப்பும். 180 என்றால் மணி அடிக்கிறது. 200 என்றால் எடுத்துவிட்டார்கள். 404 என்றால் அப்படி ஓர் ஆளே இங்கே கிடையாது. 603 மட்டும் வேறு ரகம்: மணி அடித்தது, அங்கிருந்தவர் யாரென்று பார்த்தார், வேண்டாம் என்று விரலால் ஒதுக்கினார். விரல் இல்லாமல் 603 வராது என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள்.

அம்மா மூச்சுக் கருவியோடு கிடந்த கடைசி நாளில் தங்கை விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். தான் வரும்வரை கருவியை எடுக்க விடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அம்மாவின் உடம்பு படும் பாட்டைக் காணச் சகிக்காமல் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள். பெட்டியோடு வந்து நின்ற தங்கை அழவில்லை. "ஒரு பகல் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் தினமும் வேலை முடிந்ததும் அக்கா கூப்பிட்டாள், தினமும் 603. வருடங்கள் அப்படியே ஓடின. பிறகு தங்கைக்கு ஒரு காய்ச்சல் வந்து, ரத்தத்தில் கலந்து, ஆளையே கொண்டுபோய்விட்டது.

தங்கையின் கணவர், அக்காவின் நிறுவனத்தில் தங்கை வாங்கியிருந்த இணைப்பை ரத்து செய்யச் சொன்னார். அந்த எண்ணை அக்காவே தன் கையால் அழித்தாள். மாலையில் பழக்க தோஷத்தில் கூப்பிட்டாள். மணி அடித்து, 603 வந்தது. சக ஊழியர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லோருக்கும் 404. "பழைய பதிவு எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்கு" என்று மேலாளர் சர்வரையே மாற்றினார். அக்காவுக்கு 603தான். கொஞ்ச நாளில், மழைக்கு ஒழுகும் கூரையைப் போல அதுவும் அலுவலகத்தில் பழகிப்போயிற்று.

செய்தி கேட்டுத் தங்கையின் கணவர் வந்தார். முதலில் தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டார்.

"எனக்கு என்ன வந்திருக்கு அண்ணி?"

"அப்படி யாரும் இல்லைன்னு."

"உங்களுக்கு?"

"இருக்கா. பேச மாட்டேங்கறா."

அவர் நாற்காலியில் சரிந்தார். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன். எங்கிட்ட ஒரு சின்னக் கோபத்தக்கூட மிச்சம் வைக்காம போயிட்டாளே" என்று வாய்விட்டு அழுதார். அதன்பின் அவ்வப்போது வந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் துண்டிப்பைக் கேட்டுவிட்டுப் போவார். இருவருக்கும் தலை நரைத்தது. நிறுவனம் இரண்டு முறை கைமாறியது.

ஒரு மாலை மணி நிற்கவில்லை. அடித்துக்கொண்டே போனது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா கேட்க நினைத்த மன்னிப்பு வாய்வரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: அந்த நாள் திரும்பவும் வந்தால் அவள் கையெழுத்துப் போடத்தான் செய்வாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் அவள். சட்டென்று அழைப்பைத் தானே துண்டித்தாள். திரையில் 487 விழுந்தது. கூப்பிட்டவரே பாதியில் விட்டுவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

"என்ன அண்ணி இது? எடுத்திருப்பா!"

"எடுத்தா, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லணும் மாப்பிள்ளை. நான் பண்ணலையே. அவகிட்ட நான் பொய் சொன்னதே இல்ல."

அவர் அவள் முன் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் கூப்பிட்டாள். முதல் மணி முழுதாக அடித்து முடிவதற்குள் 603 வந்து விழுந்தது. அக்கா கணினியை அணைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க நடந்தாள்.