பதினாறரம்மா

ஒரு வாரமாக அந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பாத்திரம் பறக்கிற சண்டை என்றாலாவது ஒரு நாளில் ஓய்ந்துவிடும். இது வாயைத் தைத்துக்கொள்கிற சண்டை.

காரணம் ஜீப். போன வாரம் மலைப் பாதையில் அவள்தான் ஓட்டினாள். முன்சக்கரம் பாறையில் மோதி, ரிம் நெளிந்துபோயிற்று. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், கூட வந்த சிநேகிதர்கள் அத்தனை பேர் முன்னாலும், "ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவளுக்கெல்லாம் எதுக்கு ஜீப்பு?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய சொந்தத் தம்பியும் சேர்ந்து பல்லைக் காட்டினான். அன்று ராத்திரியே தம்பியிடம் சொல்லிவிட்டாள்: "சொன்னத அவர் வாபஸ் வாங்கணும். அதுக்கு முன்னாடி நான் அவர்கிட்ட வாயத் தொறந்தா என் பேர மாத்தி வச்சுக்கோ."

மாட்டிக்கொண்டவன் தம்பி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அக்கா, உப்பு கம்மியாம்", "மச்சான், உப்பு டப்பா மேஜையிலயே இருக்காம்" என்று நடந்து நடந்தே அவனுக்குக் கால் தேய்ந்துவிட்டது. "நான் என்ன தபால்காரனா?" என்று கத்திப் பார்த்தான். யார் கேட்டார்கள்?

புது ரிம் வாங்கிய விஷயமும் அப்படித்தான் நடந்தது. பழைய இரும்புக் கடையில் ஜீப் ரிம் ஒன்று கிடக்கிறதென்று அவர் கேள்விப்பட்டார். "உங்கக்காதான போன்லயே பொழைக்கிறவ. அது பதினாறு இஞ்சான்னு அவளையே கேக்கச் சொல்லு மாப்ள" என்றார். பெருமைக்குச் சொல்லவில்லை, அவள் வேலையே அதுதான். மருந்துக் கம்பெனிக்கு வருகிற ஆர்டர்களைக் காதில் கேட்டு எழுதுகிறவள். எண் விஷயத்தில் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. அவள் கடைக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். "ரிம்மு பதினாறு இஞ்சா?" என்றாள். "பதினாறாம்மா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டது போலிருந்தது. "ஆமா" என்றாள். "சரி, ஆள அனுப்புங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ரிம் வந்தது. ஒரே துரு. அவர் தேய்த்துச் சுத்தம் செய்து, கறுப்புப் பெயிண்டை இரண்டு கை கனமாக அடித்துவிட்டார். இன்று மத்தியானம் பழைய ரிம்மிலிருந்து கழற்றிய டயரை இதில் மாட்டுகிற வேலை. அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே தகரக் கொட்டகை. அவள் வெங்காயம் உரித்தபடி, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

டயர் ரிம்மில் ஏறிவிட்டது. உட்காரத்தான் மாட்டேன் என்றது. டயரின் விளிம்பு ரிம்மின் ஓரத்தில் போய் 'டொப்'பென்று ஒட்டிக்கொள்ள வேண்டும், அந்தச் சத்தம் கேட்டால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். சோப்புத் தண்ணீரைத் தடவினார். சரக்குக் கட்டுகிற பட்டையை டயரைச் சுற்றி இறுக்கினார். காற்றுக் கசிவது நின்றது, பட்டையைக் கழற்றினார். ஆனாலும் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி அப்படியே நின்றது.

"மச்சான், காத்து நாப்பது பவுண்டு வந்துருச்சு. நாப்பதத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" தம்பி, காற்றடிக்கிற கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து கத்தினான்.

"முரண்டு பிடிக்குது மாப்ள, இன்னும் அடி. முரண்டு பிடிக்கிறதுங்கள மேய்க்கிறது இந்த வீட்டுல எனக்குப் பழகிப்போச்சு!"

அது தம்பிக்குச் சொன்னதா? அடுக்களைக்குச் சொன்னது. அவள் சட்டி மூடியை எடுத்து 'டங்'கென்று வைத்தாள். கிடக்கட்டும், நாள் பூராவும் சக்கரத்தோடு மல்லுக்கட்டட்டும் என்று நினைத்தாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போது போன் அடித்தது. பழைய இரும்புக் கடைக்காரர். இந்த முறை பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"அம்மா, ரிம்மு சரியா இருந்துச்சா? இல்ல, அதுக்கு டயர் எங்க புடிச்சீங்கன்னு கேக்கத்தான். பதினாறர டயர் இப்ப யார்கிட்டயும் இல்லையே."

"என்னது? பதினாறரயா?"

"பதினாறரம்மா. அன்னைக்கே சொன்னேனே? நீங்களும் ஆமான்னீங்களே?"

பதினாறாம்மா. பதினாறரம்மா. அவள் கையிலிருந்த வெங்காயம் உருண்டு தொட்டிக்குள் விழுந்தது.

"இங்க பதினாறு டயர மாட்டிக்கிட்டு இருக்காங்க..."

"ஐயையோ! காத்து அடிக்க வேணாம்னு சொல்லுங்கம்மா! அது உக்காரவே உக்காராது. அடிக்க அடிக்க டயர் விளிம்புக்குள்ள இருக்கிற கம்பி அறுந்து வெடிக்கும். ஆளத் தூக்கிரும்மா, ஓடுங்க!"

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் டயருக்கு முன் மண்டி போட்டிருந்தார். ஒரு கை டயர் மேல். 'டொப்' சத்தம் வருகிறதா என்று கேட்க, காதைச் சக்கரத்துக்கு நேர் மேலே கொண்டுபோய்க் குனிந்திருந்தார். கம்ப்ரஸர் வீடே அதிர ஓடிக்கொண்டிருந்தது. படுபாவி, இந்த மனுஷனுக்குக் குனிய வேறு இடமா கிடைக்கவில்லை?

பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். "தம்பி! அத நிறுத்துடா!" அவனுக்குக் கேட்கவில்லை. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க!"

ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. அது அவருக்குக் கேட்டது. நிச்சயமாகக் கேட்டது, தோள் இரண்டும் சிரிப்பில் குலுங்கியதே! ஜெயித்துவிட்டார் அல்லவா? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரு, வேலையாக இருக்கிறேன் என்பது போல ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார். முகம் டயருக்கு இன்னும் கிட்டே போயிற்று.

"என்னங்க, எந்திரிங்க!" கை மறுபடியும் ஆடியது. டயருக்குள் எங்கோ 'டிக்'கென்று ஒரு சத்தம். அவர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று அவளுக்கே தெரியாது.

"டேய்! எந்திரிடா!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெற்ற தாய்கூட அவரை 'டா' போடுவதை எப்போதோ விட்டுவிட்டார். தேள் கொட்டியவர் மாதிரி எழுந்தார். "என்னடி சொன்ன?" என்று முகம் சிவக்க, அவளை நோக்கி விறுவிறுவென்று நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டு வைக்கவில்லை.

டயர் வெடித்ததைச் சத்தம் என்று சொன்னால் போதாது. அவள் நெஞ்சிலேயே ஓங்கிக் குத்தியது. ரிம் மேலே கிளம்பித் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போய், திரும்ப வந்து, அவர் மண்டி போட்டிருந்த இடத்தில் விழுந்தது. சோப்புத் தண்ணீர் சுவரெல்லாம் வழிந்தது. பெயிண்ட் பெயர்ந்த இடத்தில், இரும்பில் அடித்திருந்த 16.5 என்ற எண் இப்போது பளிச்சென்று தெரிந்தது.

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. தலையிலிருந்து பாதம் வரை இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டாள். தம்பி கம்ப்ரஸருக்குப் பின்னாலிருந்து தவழ்ந்து வந்தான்.

"நான்தாங்க தப்பு பண்ணேன். கடைக்காரர் பதினாறரம்மான்னார், எனக்குப் பதினாறாம்மான்னு கேட்டுச்சு. என் காதுல மண்ணப் போட!" ஒரு வாரம் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. அழுகையும் சேர்ந்துகொண்டது.

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

மறுபடியும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில் மேல் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திச் சொன்னாள்.

"கேக்கல" என்றார் அவர். பிறகு, அவருக்கே பயம் வந்தவராக, "ஒண்ணுமே கேக்கல" என்றார்.

தம்பியின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியாமல் அவன் இரண்டு தரம் கீழே போட்டான். அவள் அவனைப் பின் சீட்டுக்குத் தள்ளிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "பாத்து ஓட்டு" என்று வழக்கமாகச் சொல்கிறவர் இன்றைக்குச் சொல்லவில்லை.

முதல் வளைவு தாண்டியதும் உரக்கக் கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காதவர் வேறு எப்படிப் பேசுவார்?

"டேய்ன்னா கூப்ட?"

அவள் தலையாட்டினாள்.

"அதுதான் கடைசியா கேட்டது. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல." முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அன்னைக்கு நான் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வாரமா நீ பேசல. இப்ப பேசுற, எனக்குத்தான் கேக்கல."

"இனிமே பேசாம இருக்க மாட்டேங்க" என்றாள் அவள்.

அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னலில் வண்டி நின்றதும் அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக மறுபடியும் சொன்னாள்.