மூன்றாம் சேனலின் தீட்டு

போடி போகிற ரோட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஆலை அது. மூன்றாம் அறைக் காய் முழுக்கக் கருகிவிட்டதாக மேனேஜர் ராஜபாண்டி போன் போட்டார். அங்கே அறைகளின் சூட்டை அளந்து காட்டும் தெர்மோகப்பிள் மாட்யூலை அமைத்துக் கொடுத்தவள் நான். கம்பத்திலிருந்து ஸ்கூட்டரை விரட்டினேன்.

மெஷினை ஓட்டும் பாண்டீஸ்வரி வாசலில் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இங்கன உக்காந்திருக்க?"

"நாளைல இருந்து வேலைக்கே வர வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாக. தீட்டோட மெஷினத் தொட்டேனாம், அதான் காய் கருகிருச்சாம்."

"அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

"வயித்துவலி தாங்கல, அரைநாள் லீவு குடுங்கன்னு நாந்தேன் கேட்டேன். லோடு ஏத்தியாச்சு, போகக்கூடாதுன்னாக. அன்னைக்குத்தேன் கருகுச்சு. இந்த வேல போச்சுன்னா எம்மகளுக்குக் காலேஜு இல்லம்மா."

சீ! லீவும் தரமாட்டானாம், பழியும் போடுவானாம். என்ன ஜென்மமோ.

உள்ளே போய் லேப்டாப்பை மாட்டினேன். அறைக்கு ஒன்றாக எட்டுச் சேனல்; எல்லாவற்றிலும் சென்சார் வகை கே டைப் என்று நான் போட்ட அமைப்பு அப்படியே இருந்தது. ஒயர் அறுந்தால் அலாரம் அடிக்கும் அமைப்பும் சரி. ஆனால் ஹீட்டரை ஓடவிட்டு மூன்றாம் அறையில் பிடித்துப் பார்த்தபோது என் கை மீட்டர் அறுபத்தைந்து டிகிரி காட்டியது, திரை நாற்பத்தெட்டு என்றது. சூடு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஹீட்டர் எரித்துத் தள்ளியிருக்கிறது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பேனலைத் திறந்தேன். குப்பென்று ஒரு நாற்றம். மாட்யூலின் தலையில், குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழம் அழுகிக் கிடந்தது. சாறு வழிந்து மூன்றாம் சேனலின் திருகுகளில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்க, எறும்பு மொய்த்தது. சென்சார் அனுப்புவது வோல்டில் ஆயிரத்தில் சில பங்கு. அதற்குள் இந்தக் கண்றாவி புகுந்தால் எப்படிச் சரியாகக் காட்டும்?

"இத யாரு சார் வச்சது?" என்று பின்னால் நின்ற ராஜபாண்டியைக் கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு நாந்தேன் வச்சேன். திருஷ்டிக்கு." அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "கழுவி விட்டுருங்கம்மா. சென்சார் கோளாறுன்னு சொல்லிக்கிருவோம். அந்தப் பொம்பளைய அனுப்பப்போறேன்னு முதலாளிட்டயும் சொல்லியாச்சு."

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று பேசாமல் வேலையைப் பார்த்தேன். ஒயரைப் பூட்டும் டெர்மினலைப் புதிதாக மாட்டி, மின்சாரம் கொடுத்து, சேனல் ஒவ்வொன்றையும் சோதித்தேன். மீட்டரும் திரையும் ஒன்றையே காட்டின.

முதலாளி மலைச்சாமி வந்தார். "என்னம்மா, காய ஏத்தலாமா? பச்சைக் காய் சாக்குல வேகுது."

எலுமிச்சம்பழத்தை அவர் முன்னால் நீட்டினேன். "காயக் கருக்குனது இதுங்கய்யா. பேனலுக்குள்ள வச்சது உங்க மேனேஜர். வெளிய உக்கார வச்சிருக்கிறது பாண்டீஸ்வரி அக்காவ."

"என்ன இருந்தாலும் தீட்டு தீட்டுத்தானங்கய்யா," என்று ராஜபாண்டி முனகினார்.

அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்படியா சார்? எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாள். இவ்வளவு நேரம் மாட்யூலத் தொட்டது இந்தக் கைதான். சொல்லுங்க, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுப் போகவா?"

மலைச்சாமி திரையைப் பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார்.

"ராசபாண்டி, நீயே போயி அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வா."

பாண்டீஸ்வரி வந்தாள். என்னையும் ராஜபாண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மெஷின் சுவிட்சைப் போட்டாள்.