வ. 62

ஜெயமேரி இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரும் கொண்டு வந்திருந்தார். சாம்ராஜ் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து, எங்கும் நிற்காமல், ஆட்டோ பிடித்து நேராகக் கல்லறைத் தோட்டத்து கேட்டில் இறங்கியிருந்தான். மாமியாரும் மருமகனும் சேர்ந்து கடைசியாக அந்த கேட்டைத் தாண்டியது ஒன்பது மாதத்துக்கு முன்னால், ஜெயமேரியின் மகள் வினோலியாவைப் புதைத்த அன்று. "சாப்ட்டீங்களா தம்பி?" என்று ஜெயமேரி கேட்டார். சாப்பிட்டேன் என்றான். சாப்பிட்டிருக்கவில்லை. பசி என்பது இப்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரரின் போன் அடிப்பது மாதிரி ஆகிவிட்டது. கேட்கும், ஆனால் தனக்கில்லை.

மேல் வரிசைகளில் கேட்பாரில்லாத கல்லறைகளுக்குச் சபையின் கமிட்டி சிவப்பு பெயிண்டில் எண் போட்டிருந்தது. நாளை ஞாயிறு ஆராதனை முடியும்வரை அவகாசம். எங்கள் குடும்பத்துக் கல்லறை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை கல்லைப் பெயர்த்து, இடத்தைப் புதிதாகச் செத்தவர்களுக்குக் கொடுப்பார்கள். இடம் இல்லை, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த எண்களில் ஏதோ ஒன்றின் கீழேதான் ஜெயமேரியின் தாத்தா ஏனோக் இருந்தார். எதன் கீழ் என்பதுதான் தெரியவில்லை.

வினோலியா அவரை இரண்டு வருடம் தேடினாள். தன் குடும்பத்தில் செத்தவர்கள் எல்லாரையும் ஒரு கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். கல்லில் இருந்ததை அப்படியே நகலெடுத்து, பக்கத்தில் பழைய சபைப் பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்புகளின் ஜெராக்ஸை ஒட்டியிருந்தாள். கொள்ளுத் தாத்தாவின் பக்கத்தில் 1938ஆம் வருடத்து அறிவிப்பு ஒன்று இருந்தது. 'நமது சபை அங்கத்தினர் சகோ. ஏனோக் என்பவர் சுரங்கத்தில் பாறை வெடித்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வாலிப மனைவியையும் ஆறு மாதக் கைக்குழந்தையையும் விட்டுச்சென்றார்.' அந்தக் கைக்குழந்தைதான் ஜெயமேரியின் அப்பா.

மேல் வரிசைகளில் நான்கு ஏனோக்குகள் இருந்தார்கள். ஒருவர் குழந்தை. இரண்டு பேர் 1950களில் செத்தவர்கள். நான்காவது கல்லில் 193 என்பதற்குப் பிறகு உடைந்திருந்தது. அதற்குக் கீழே 'வ. 62'. வாலிப மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப்போனவருக்கு வயது அறுபத்திரண்டு இருக்காது. வினோலியா நோட்டில் அந்த வரியின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தாள். 'கல்லே வைக்கவில்லை போல' என்று கீழே எழுதியிருந்தாள்.

அன்று அந்தக் கல்லைப் படித்துச் சொன்னது சாம்ராஜ். அவள் நோட்டோடு நின்றிருந்தாள். மண்டையைப் பிளக்கிற வெயில். ராபர்ட்சன்பேட்டையில் பிரியாணி தீர்ந்துவிடும் என்கிற கவலை அவனுக்கு. "நல்லா பாத்தியா?" என்று கேட்டாள். "பாத்தேன், பாத்தேன். வ, அறுபத்திரண்டு" என்றான். எழுதிக்கொண்டாள்.

இப்போது மணி நாலரை. தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வருகிற மாவு மாதிரியான மண் எழுத்துகளுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. ஜெயமேரி ஒவ்வொரு கல்லாகத் தண்ணீர் ஊற்ற, சாம்ராஜ் நாரால் தேய்த்தான். மூன்று கல்லிலும் புதிதாக ஒன்றுமில்லை. நான்காவது கல்லுக்கு வந்தார்கள். வெயில் சாய்ந்திருந்ததால் ஈரமான எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் விழுந்திருந்தது. அவன் குனிந்தான். வ-வுக்கு அடிக்கோடு தட்டையாக இருக்க வேண்டும். இது கிண்ணம்போல வட்டமாக இறங்கி மேலேறியது. விரலை விட்டுத் தடவினான். வ இல்லை. ல.

"ல-ன்னா என்ன அத்தை?"

ஜெயமேரி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னா ஜெயமேரிக்கா, தாத்தா கெடச்சாரா, இன்னும் ஒளிஞ்சி வெளையாடறாரா?" கமிட்டி சௌந்தரராஜன். இருபத்திரண்டு வருடம் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். அக்குளில் ஒரு பைல் இடுக்கியிருந்தார். கல்லை எட்டிப் பார்த்தார்.

"இதான் வயசு அறுபத்திரண்டுன்னு வினோலியா பாப்பா அடிச்சிட்ட கல்லா? சார், நீங்க பாக்டரி குவார்ட்டர்ஸ் ஆளா?"

"ஆமா."

"அதான். அறுபத்திரண்டு வயசுல எவன் சார் கேஜுல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்குவான்? அதுக்குள்ள நெஞ்சு பூரா தூசி ஏறி வூட்ல குந்திக்கினு இருப்பான். ல-ன்னா லெவல், சுரங்கத்துல எத்தினி ஆழம்னு சொல்ற அடுக்கு. அறுபத்திரண்டாவது லெவல். எங்க செத்தான்னு போட்டுகீறாங்க."

சாம்ராஜ் கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பா வெளியூரிலிருந்து பாக்டரி வேலைக்கு வந்தவர். அவர்கள் வீட்டில் லெவல் என்றால் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது மட்டும்தான்.

"ஆனா ஒண்ணு," என்றார் சௌந்தரராஜன். "லெவல் சரி. இது உங்க ஏனோக்தான்னு யாரு சொன்னது? கமிட்டில கேப்பாங்க. ஏனோக்குங்க நெறைய பேரு கீறாங்க இந்த ஊர்ல."

கல்லின் அடிப்பகுதி மண்ணில் ஒரு சாண் இறங்கியிருந்தது. சாம்ராஜ் வீட்டுச் சாவியால் தோண்டத் தொடங்கினான். நகக்கண்ணில் மண் ஏறியது. ஜெயமேரி மீதித் தண்ணீரை ஊற்றினார். முதலில் 'தன்' என்று தெரிந்தது, பிறகு முழு வரியும்.

'சிநேகிதன் பக்தவச்சலம் வைத்தது.'

ஜெயமேரி பக்கத்துக் கல்லறையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க பாட்டி ரெண்டாவது கட்டிக்கினவரு," என்றார். "பக்தவச்சலம் தாத்தா. நாமம் போட்டுக்கினு, ஞாயித்துக்கெழம எங்கள சர்ச் கேட்டு வரிக்கும் கையப் புடிச்சி இட்டாந்து வுடுவாரு. உள்ள வர மாட்டாரு. வெளிய நின்னு பீடி குடிப்பாரு. எங்க தாத்தாவும் அவரும் ஒரே கேஜுல எறங்கனவங்க. அன்னிக்கி உள்ளயிருந்து தூக்கியாந்ததும் அவருதானாம்."

சௌந்தரராஜன் வேறு பக்கம் பார்த்தார்.

"வினோலியாவுக்கு இது தெரியாதா?" என்றான் சாம்ராஜ்.

"எங்கம்மா பேசக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. ரெண்டாங் கல்யாணம், அதுவும் வேற சாமி கும்புடறவரோட. பாப்பா எத்தினியோ வாட்டி கேட்டுச்சி, தாத்தா செத்தப்புறம் கொள்ளுப்பாட்டிய யாரும்மா பாத்துக்கினாங்கன்னு. தெரியாதுன்னுட்டேன். நீங்க வேற பக்கத்துல இருப்பீங்க. மாப்ள எதிர்ல எப்டி சொல்றதுன்னு வாய மூடிக்கினேன். அந்தப் பேரச் சொல்லியிருந்தா இத எப்பவோ கண்டுபுடிச்சிருக்கும்."

சாம்ராஜ் சாவியைப் பேன்ட்டில் துடைத்தான். சொல்லாமல் இருந்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

"வ-ன்னு படிச்சது நான்தான் அத்தை. அவ எழுதிக்கிட்டா, அவ்வளவுதான். நல்லா பாத்தியான்னு கேட்டா. பாத்தேன்னு சொன்னேன்."

ஜெயமேரி அவன் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

"நீங்க குவார்ட்டர்ஸ் புள்ள. உங்களுக்கு இன்னா தெரியும்," என்றார்.

சௌந்தரராஜன் பைலிலிருந்து ஒரு தாளை உருவினார். அந்தப் பெயர் கமிட்டிக்குப் போதும் என்றார். இறந்தவர் பெயர், இறந்த வருடம், வாரிசு பெயர், உறவு. "வாரிசுதான் வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு வந்து சுண்ணாம்பு அடிக்கணும். ரெண்டு வருசம் வரலன்னா திருப்பி பெயிண்டுதான். அக்கா, நீங்க எழுதலாம். ஆனா உங்களுக்கு மூட்டு வலி, வயசு ஆவுது. உங்களுக்கு அப்புறம் யாரு?"

யாரும் இல்லை. வினோலியா ஒரே பெண்.

"நான் எழுதறேன்," என்றான் சாம்ராஜ்.

"சார், கோச்சிக்காதீங்க." சௌந்தரராஜன் தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "உங்களுக்கு இன்னா, முப்பத்து மூணு இருக்குமா? நாளைக்கே வேற பொண்ணப் பாப்பாங்க. அது வந்து, செத்துப்போன பொண்டாட்டியோட கொள்ளுத் தாத்தாவுக்கு சுண்ணாம்பு அடிக்கப் போறேன்னா வுடுமா?"

அவன் அம்மா போன வாரம்தான் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அவன் திறந்து பார்த்திருந்தான். பார்த்தேன் என்றோ பிடிக்கவில்லை என்றோ பதில் போடவில்லை.

"அவர் சொல்றது சரிதான் தம்பி," என்றார் ஜெயமேரி. "நீங்க எழுதாதீங்க. கல்லு எதுன்னு தெரிஞ்சிபோச்சி, அது போதும். உங்க வாழ்க்கைய நீங்க பாருங்க."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். ஆனால் கை மட்டும் கல்லின் தலையை விட்டு எடுபடவில்லை, பஸ்ஸில் பக்கத்து சீட்டைப் பிடித்து வைத்திருப்பவரின் கை மாதிரி.

சாம்ராஜ் மண்ணில் தெரிந்த கடைசி வரியை இன்னொரு முறை படித்தான். செத்தவரின் மனைவிக்குக் கணவன் என்று போட்டுக்கொள்ள அந்த மனிதருக்குக் கல்லில் இடம் இருந்திருக்காது. ஏனோக்கின் வயதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. லெவல் தெரிந்திருந்தது. தெரிந்ததை வெட்டச் சொல்லியிருக்கிறார்.

"பேனா குடுங்க," என்றான்.

தாளைக் கல்லின் மேலேயே விரித்தான். கல்லில் இன்னும் ஈரம் இருந்தது. இறந்தவர் பெயர் எழுதினான். 1938 எழுதினான். வாரிசு: சாம்ராஜ். உறவு என்ற இடத்தில் நின்றான்.

"கொள்ளுப்பேத்தி வூட்டுக்காரர்னு போடுங்க," என்றார் சௌந்தரராஜன், குரலை இறக்கி. "அவ்ளோதான் வரும்."

கட்டம் சின்னது. 'கொள்ளுப்பேத்தியின்' என்பதே அதை நிறைத்துவிட்டது. 'கணவர்' என்பதைக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், அழுத்தி எழுதினான். ண எழுதும்போது, கீழே கல்லில் வெட்டியிருந்த ஏதோ ஒரு பள்ளத்தில் பேனா முனை இறங்கித் தாள் பொத்துக்கொண்டது. அவன் நிறுத்தவில்லை. மீதி எழுத்துகளையும் எழுதிவிட்டுத் தாளைத் தூக்கினான். ஓட்டை வழியாகச் சாயங்கால வெயில் ஒரு மிளகு அளவுக்கு அவன் சட்டையில் விழுந்தது. அவன் மூச்சுவிட்டபோது அது மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.