கடல் பக்கம் திரும்பிய வீடு

எங்கள் நாடு ஆதிமுதலே ஐரோப்பாதான் என்று தீர்மானமான பிறகு, அதன் வேர்களைப் பார்வையிட வீடு வீடாக ஆய்வாளர்கள் வந்தார்கள். வேர் என்றால் இறந்தவர்கள். எங்கள் ஊரில் இறந்தவர்களைப் புதைப்பதில்லை. அவரவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். மேற்கே பார்த்து உட்கார்ந்தவர்கள் வரலாற்றில் சேர்ந்தார்கள். கிழக்கே பார்த்தவர்களை ரயிலடிக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள்.

என் அம்மா கிழக்கு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து மலை தெரியும். கம்பளி விற்க மலைக்கு அந்தப் பக்கம் போன அப்பா, "செத்தாவது வந்து சேருவேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர்.

ஆய்வாளர் அல்பான் கண்ணியமானவர். எங்கள் வழக்கப்படி வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அம்மாவின் விரல்களில் திராட்சைக் கறை, கழுத்தில் சிலுவை, காதில் ரோமாபுரிக் காசில் செய்த தோடு. எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார்.

"எல்லாம் ஐரோப்பாதாம்மா. பார்வைதான் இடிக்குது. சனிக்கிழமை வர்றேன்."

அண்ணன் தெமுர் நாற்காலியைத் திருப்பி வைத்தான். காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் அம்மா பழையபடி ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். உயிரோடு இருந்தபோதும் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். அவளைக் கிடங்கில் விட்டுவிட்டு நான் எப்படிச் சாப்பிடுவேன்? ஆகவே வீட்டைத் திருப்பினோம். அக்கம்பக்கத்தார் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கொடுத்தார்கள். ஜன்னலில் மேற்குக் கடல் வந்தது. சனிக்கிழமை அல்பான் அம்மாவின் தோளில் முத்திரை குத்தினார்.

"மலை எங்கடி?" என்றாள் அம்மா. இறந்த பிறகு அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"பனி மூடியிருக்கும்மா" என்றேன்.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டின்போது, மலைப் பக்கச் சுவருக்கு வெளியே யாரோ முனகிக்கொண்டே காலணிகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்பா அப்படித்தான் கழற்றுவார். அங்கே இருந்த கதவு வீட்டோடு சேர்ந்து கடல் பக்கம் போயிருந்தது. அவர் சுவரைத் தட்டினார்.

"சுத்தி வாங்கப்பா!" என்று தெமுர் கத்தினான்.

"நான் கட்டின வீடுடா. வாசல் இங்கதான்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு தட்டவில்லை.

நாங்கள் சுற்றிக்கொண்டு ஓடினோம். சுவரடியில் அப்பாவின் காலணிகள் கிடந்தன. பக்கத்தில் அம்மாவின் செருப்பு. ஈர மண்ணில் இரண்டு பேரின் வெறுங்கால் தடங்கள் மலையை நோக்கிப் போயிருந்தன. உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. நான் அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டை வற்றும்வரை அழுதேன்.

சாயங்காலம் அல்பான் வந்தார். என் மடியிலிருந்து செருப்பை மெதுவாக எடுத்து, இரண்டு ஜோடியையும் மேற்கே பார்க்க வைத்து முத்திரை குத்தினார்.

"வேருக்கு இது போதும்மா" என்றார்.

முத்திரை காய்ந்ததும் அவை கடலை நோக்கி நடக்கத் தொடங்கின. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் முத்திரை குத்திய காலணிகள் போய்க்கொண்டிருந்தன. அம்மாவின் செருப்புக்கு வார் அறுந்திருந்ததால் அது கொஞ்சம் பின்தங்கியது. நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.