ஏலக்காய் இருந்த இடம்

அடுப்புக்கு இடது கைப்பக்கம், மேலிருந்து இரண்டாவது தட்டில், ஒரு சாண் அகல இடத்துக்கு நாற்பதாயிரம் விலை படிந்தது. அங்கே இருந்த டப்பாவுக்கோ டப்பாவில் இருந்த சரக்குக்கோ அல்ல, வெறும் இடத்துக்கு. முதல் தர ஏலக்காயே அப்போது கிலோ மூவாயிரத்துக்குள் கிடைத்தது. வாங்கியவர் பிஸ்கட் கம்பெனிகளுக்குப் பொடி அனுப்புகிற மொத்த வியாபாரி. விற்றவர் வீட்டுக்காரர், ஊரார் அழைப்பது கிடங்குக்காரர் என்று. நடுவில் நின்று இரண்டு பக்கமும் நூற்றுக்கு இரண்டு பிடித்துக்கொண்டவர் அவருடைய தம்பி, மார்க்கெட் தரகர். அந்த இடத்துக்கு இருபத்தெட்டு வருஷமாகக் கை நீட்டி வந்த தையல்காரம்மா முன்னறையில் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கிடங்குக்காரரின் மனைவி அவள்தான். விற்கலாமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. டீ கேட்டார்கள். போட்டுக் கொடுத்தாள்.

எல்லாம் ஒரு லேபிள் மெஷினில் ஆரம்பித்தது. கிடங்குக்காரர் வண்டி உதிரி பாகக் கிடங்கு ஒன்றில் முப்பத்தோரு வருஷம் சாவி வைத்திருந்தவர். அவர் காலத்தில் ஒரு போல்ட்டுகூடக் காணாமல் போனதில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவது அவர் வேலை. எடுத்து வந்து தருவது மற்றவர்கள் வேலை. ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர்கள் காசு போட்டு அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தார்கள். அவர் மறுபடியும் கிடங்குப் பக்கம் வராமல் இருப்பதற்கு அது மலிவான விலைதான். முதல் வாரம் ஸ்விட்சுகளுக்கு ஒட்டினார். இரண்டாவது வாரம் சாவிகளுக்கும் குடைகளுக்கும், குளியலறையில் வாளி-1, வாளி-2 என்றும் ஒட்டினார். தையல்காரம்மா சட்டைக்குக் கை பொருத்தியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அவளுடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன். ஒன்பது நாள் வெளியூர் போனாள். வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் சமையலறை.

அவள் திரும்பி வந்தபோது தட்டுகளில் இருபத்து நான்கு கண்ணாடி டப்பாக்கள் நின்றன. ஒரே உயரம், ஒரே கறுப்பு மூடி, அகர வரிசை. ஒவ்வொன்றிலும் பெயர், வரவு தேதி, தட்டு எண், இருப்பு இத்தனை கிராம். அவளிடம் இருந்தவை இருபத்து மூன்று சாமான்கள்தான் என்பதால் கடைசி டப்பாவில் போட ஒன்றும் இல்லை. அதற்கும் ‘காலி’ என்று லேபிள் அடித்திருந்தார். பழைய டின்களும் பாட்டில்களும் காயலான் கடைக்கு எடைக்குப் போயிருந்தன. மொத்தமாக எழுபத்திரண்டு கிடைத்ததாம். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் சொன்ன வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

“ஒரு ஒழுங்கே இல்லாம கெடந்துச்சும்மா. நீ எப்படித்தான் இத்தன வருஷம் இதுல சமைச்சியோ.”

அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒன்பது நாளில் தெருவில் பாதிப் பேரை உள்ளே கூப்பிட்டுத் தட்டுகளைக் காட்டி, அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருந்தார். காய்கறி வண்டிக்காரர்கூட, “இப்ப வீடு வீடா இருக்காமே” என்று அவளிடமே விசாரித்தார்.

ஒழுங்கே இல்லையாம். எண்ணெய் காய்ந்ததும் முதலில் விழ வேண்டியது கடுகு, அதனால் அது வலது ஓரத்தில் இருந்தது. மகள் தவழ்ந்த காலத்தில் மிளகாய்த்தூள் உச்சித் தட்டுக்கு ஏறியது. மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊரில் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் அது இறங்கவில்லை. பெருங்காயம் யாரோடும் ஒட்டாமல் ஜன்னலோரம் தனிக்குடித்தனம் இருந்தது. மிளகு இருந்தது இருமல் மருந்து பாட்டிலில். அந்த வாய்க்கு ஒரு குலுக்கலுக்குச் சரியாக எட்டு மிளகு விழும், ஒன்பதாவது விழாது. ஏலக்காய் இடது பக்கம் இரண்டாவது தட்டில், வலது கை பாலைக் கிளறும்போது இடது கை தானாகப் போய்த் தொடுகிற உயரத்தில். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அந்தச் சமையலறையில் எதையும் தேடியதில்லை. கரண்ட் போனாலும் கை நீட்டுவாள், வேண்டியது வரும். அதில் ஒரு துளி ஒழுங்கும் இல்லை என்று கண்டுபிடிக்க, கடுகுக்கும் கசகசாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவருக்கு ஒன்பது நாள் போதுமாக இருந்திருக்கிறது.

அவள் சண்டை போடவில்லை. லேபிளைப் படித்து, உச்சித் தட்டிலிருந்து ‘ஏலக்காய்’ டப்பாவை எடுத்து டீ போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிடங்குக்காரர் பின்கட்டுக்கு ஓடினார். டீயில் மிளகாய் எரிந்தது.

“லேபிள் படிக்கலையா?”

“படிச்சுத்தாங்க போட்டேன்.”

டப்பாவுக்குள் இருந்தது ஏலக்காய்தான். பச்சையாக, முழுசாக, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கடித்தால் மிளகாய். அன்று ராத்திரி சீரகம் போட்ட பருப்பு பெருங்காயமாக இருந்தது, மல்லி போட்ட கறி கிராம்பாக இருந்தது. கிடங்குக்காரர் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார், பிறகு தம்பியைச் சந்தேகப்பட்டார், கடைசியில் வழக்கம்போல மனைவியின் கண்ணாடியைச் சந்தேகப்பட்டார். அடுத்த நாள் காலை அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். லேபிள் பக்கம் திரும்பாமல், பழைய பழக்கத்தில் கை எங்கே போனதோ அங்கே இருந்ததை எடுத்துப் போட்டாள். சமையல் எப்போதும்போல இருந்தது. டப்பாக்கள் இடம் மாறியிருந்தன, ருசிகள் மாறவில்லை. ஏலக்காய் இருந்த இடத்தில் எதை வைத்தாலும் அது ஏலக்காய். மிளகு இருந்த இடத்தில் எது நின்றாலும் மிளகு. கிடங்குக்காரர் ‘காலி’ டப்பாவில் தவிட்டைப் போட்டு அந்த இரண்டாவது தட்டில் வைத்தார். “கொஞ்சம் எடுத்துத் தா” என்றார். தந்தாள். நிறம் தவிடாக இருந்தது, மணமும் ருசியும் ஏலக்காய்.

அவர் உடனே ஒரு இருப்புப் பதிவேடு போட்டார். வரவு, செலவு, இருப்பு, வித்தியாசம், காரணம் என்று ஐந்து பத்தி. ஏலக்காய் வரவு இல்லை, செலவு தினம் இரண்டு வேளை, இருப்பு குறையவில்லை. வித்தியாசத்தை எழுதினார். காரணம் என்ற பத்தியில் பேனா நின்றுவிட்டது. முப்பத்தோரு வருஷத்தில் அந்தப் பத்தியை அவர் வெறுமையாக விட்டதே இல்லை. இனியும் விட முடியாது. அப்படி விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. காரணம் முன்னறையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தரகர் மூன்றாம் நாள் வந்தார். டீ குடித்தார், தவிட்டை மோந்தார், உள்ளங்கையில் விரலால் எழுதிக் கணக்குப் போட்டார்.

“அண்ணே, ஏலக்கா கிலோ மூவாயிரம். தவிடு பதினெட்டு. நடுவுல என்ன செலவு?”

“ஒண்ணுமில்ல. வெக்கிறோம், எடுக்கிறோம்.”

“அண்ணி, இத இத்தன வருஷமா சும்மாவா வெச்சிருந்தீங்க?”

“சும்மா வெச்சிருந்ததாலதான் தம்பி, இத்தன வருஷமா உங்களுக்கு ஓசி டீ” என்றாள் தையல்காரம்மா. தரகர் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு செலவில்லாத சாமான்.

மொத்த வியாபாரி வந்து, அவள் எடுத்துக் கொடுத்த தவிட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். உடனே முகத்தைச் சுளித்து, மணம் கொஞ்சம் மட்டம் என்றார். விலை பதினைந்தாயிரத்தில் ஆரம்பித்தது. கிடங்குக்காரர் எண்பது கேட்டார். தரகர் ஒருவர் காதிலும் மற்றவர் காதிலும் மாறி மாறிப் பேசி நாற்பதில் முடித்தார். முன்பணம் பத்தாயிரம் கைமாறியது. தச்சர் வந்து அந்த ஒரு சாண் பலகையை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். மொத்த வியாபாரி அதைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போனார். அறுக்கும் சத்தம் கேட்டபோது தையல்காரம்மாவின் மெஷின் நின்றது; அவ்வளவுதான். சாயங்காலம் பால் கொதித்தபோது அவள் தவிட்டு டப்பாவை, பலகை இல்லாத அந்த ஓட்டையில், முன்பு வைக்கிற மாதிரியே வைத்தாள். டப்பா விழவில்லை. காற்றில் நின்றது. எடுத்துப் போட்டாள், டீயில் ஏலக்காய் மணத்தது. கிடங்குக்காரர் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, தட்டு எண்ணை எப்படி எழுதுவது என்ற கவலையோடு படுக்கப் போனார்.

நாலாம் நாள் மொத்த வியாபாரி பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார். அதன் மேல் மூன்று நாள் வைத்திருந்த தவிடு தவிடாகவே இருந்திருக்கிறது. தரகரும் வந்து சேர, பேச்சு தடித்தது. கிடங்குக்காரர் தன் சரக்கு சுத்தம் என்று நிரூபிக்க முதல் முறையாகத் தானே போய், காற்றில் நின்ற டப்பாவை எடுக்கக் கை வைத்தார். டப்பா உடனே கீழே விழுந்து உடைந்தது. தவிடு, வெறும் தவிடு. தையல்காரம்மா இன்னொரு டப்பாவை அங்கே வைத்து, எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்க்கக் கொடுத்தாள். ஏலக்காய். மூன்று ஆண்களும் அவள் கையைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கையை அண்ணனும் தம்பியும் பார்த்தது அன்றுதான்.

மொத்த வியாபாரி தொண்டையைச் செருமினார். “அப்ப பலக வேண்டாம். அம்மாவ நம்ம குடோனுக்கு அனுப்புங்க. மாசம் எட்டாயிரம். போக வர வண்டி.”

“பன்னெண்டு சொல்லுங்க” என்றார் தரகர், மூச்சு விடாமல்.

கிடங்குக்காரர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரம்மா பேசினாள். சத்தம் போடவில்லை.

“யாரு வீட்டுல யாரு பொருளுக்கு யாரு வெல சொல்றது? இடத்த வித்தீங்க, என்ன கேக்கல. இப்ப கைய விக்கிறீங்க, அதுக்கும் நான் டீ போட்டுக் குடுக்கணுமா?” பிறகு கணவரிடம் திரும்பினாள். “ஒழுங்கே இல்லன்னு தெருவெல்லாம் சொன்னீங்கள்ல. அந்த வார்த்தைய திருப்பி எடுங்க. வாயால வேண்டாம், அது காத்தோட போயிடும். உங்க நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுவரைக்கும் நான் ஒரு டப்பாவையும் தொட மாட்டேன்.”

மொத்த வியாபாரிக்கு முன்பணம் திரும்பிப் போனது. தரகர் மட்டும் தன் பங்கைத் திருப்பவில்லை. தரகு என்பது பேச்சுக்குக் கொடுப்பது, சரக்குக்கு அல்ல என்றார். அந்தத் தொழிலில் அதுதான் சட்டம்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் கிடங்குக்காரர் சமைத்தார். லேபிளைப் படித்து, கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டார். அவர் கைக்கு எல்லாம் லேபிளில் எழுதியபடியே நடந்தன, ஒரு பிழையும் இல்லை. சாப்பாடும் லேபிள் மாதிரியே ருசித்தது. தையல்காரம்மா தன் பங்குக்கு வெறும் சோறும் தயிரும் சாப்பிட்டு, வந்த துணிகளை நேரத்துக்குத் தைத்துக் கொடுத்தாள். வெளியூர் மகள் போனில் இரண்டு பேரிடமும் பேசினாள். “அப்பா, எழுதிட்டுப் போங்களேன். மை என்ன வெலையா விக்குது?” என்றாள். எழுதினால் முப்பத்தோரு வருஷப் பேர் என்ன ஆவது என்று அவர் கேட்டார். “அம்மாவோட இருபத்தெட்டு வருஷம் என்ன ஆச்சோ அதான் ஆகும்” என்று மகள் வைத்துவிட்டாள். பன்னிரண்டாம் நாள் காலை, இளைத்துப் போயிருந்த கிடங்குக்காரர் பதிவேட்டைப் பிரித்து, காரணம் என்ற பத்தியில் எழுதி, மனைவியிடம் நீட்டினார். ‘இங்கே ஏற்கெனவே ஒழுங்கு இருந்தது. இருபத்தேழு வருடமாக. நான் பார்க்கவில்லை.’ கீழே கையெழுத்து, தேதி.

தையல்காரம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தாள்.

“இருபத்தெட்டு.”

“மொத வருஷம் தட்டே கெடையாதும்மா. நான்தானே மறு வருஷம் ஆணியடிச்சேன். அதுவரைக்கும் எல்லாம் தரையிலதான கெடந்துச்சு.”

அந்த ஒரு வருஷத்தையும் பேரம் பேசினார் மனிதர். பதினோரு நாள் அரைப்பட்டினியிலும் அவருக்கு அந்தக் கணக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.  தையல்காரம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். ஜன்னலுக்குக் கீழே, சுவரோரம் மூன்றாவது கல்லில், விளக்குமாற்றை நகர்த்திவிட்டு அதை வைத்தாள். நூறு எண்ணுகிற நேரம் கழித்து எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் ஒரே மடக்கில் குடித்தார். இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டார். எட்டு மிளகுக்குக் குறையாத காரம். கூடவும் இல்லை.

அவர் பேனாவை எடுத்து இருபத்தேழை அடித்து இருபத்தெட்டாக்கினார். கிடங்கு விதிப்படி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் போட்டார். அன்று மத்தியானம் தையல்காரம்மா கை நீட்டினாள், வேண்டியது வந்தது. லேபிள்களை யாரும் கிழிக்கவில்லை. மஞ்சள் என்று எழுதிய டப்பாவிலிருந்து அந்த வீட்டில் இன்றும் வெந்தயம் எடுக்கிறார்கள். ஓட்டைக்குப் பலகை போடவில்லை, அங்கே டப்பா அது பாட்டுக்கு நிற்கிறது. விருந்தாளிகள் முதல் நாள் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் டீயைக் குடிப்பார்கள். வருஷக் கடைசியில் கிடங்குக்காரர் பதிவேட்டை முடித்து அவளிடம் காட்டினார். வித்தியாசம்: உண்டு. காரணம்: மேலே கண்டபடி. ஒழுங்கு: இருபத்தெட்டு வருடம், நடப்பு வருடத்தையும் சேர்த்தால் இருபத்தொன்பது. எல்லாம் நேராகிவிட்டது என்றார். அவள் பேனாவை வாங்கி, அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்:

காயலான் கடைக்குப் போன டின்னும் பாட்டிலும், இருமல் மருந்து பாட்டில் உட்பட, இருபத்து மூன்று. திரும்பி வந்தது இல்லை. பாக்கி இருபத்து மூன்று.