நாக்கின் அடியில் ஒரு நாணயம்

"டீ ஏன் இரும்பு மாதிரி இருக்கு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பாத்திரத்தக் கழுவித்தான் போட்டேன். குறை சொல்றதா இருந்தா நாளையிலேர்ந்து நீங்களே போட்டுக்குங்க."

"குறை இல்லடி, வரி கிடைச்சிருக்கு. நாக்கின் அடியில் ஒரு நாணயம் உறங்குகிறது. எப்படி?"

"அத எடுத்துக் குடுங்க. காய்கறிக்கு ஆகும்."

சிரித்தார். கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து உதறினேன். சாம்பல் தூள் பறந்தது. அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினார்.

பகலில் அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மற்ற நேரத்தில் சர்ரியலிசக் கவிஞர். கனவையும் நனவையும் குழப்பிப்போட்டு எழுதும் ஏழெட்டுப் பேர், மாதம் ஒரு ஞாயிறு, சைக்கிள் கடை மாடியில் கூடுவார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம். வாசித்தவரிடம் யாரும் அர்த்தம் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர் தலையில்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டின் பின்சந்தில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று வந்தது. தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டு பழகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் கவிதைக்கு மவுசு கூடியது. 'சாம்பல் பசு என் ஜன்னலில் மேய்கிறது' என்று எழுதினார். 'வயிற்றுக்குள் ஒருவன் கயிறு முறுக்குகிறான்.' 'என் விரல்கள் சொல்லாமல் விடுமுறையில் போயின.' இதெல்லாம் கனவிலிருந்து வருகிறது என்று அவரே நம்பினார். கூட்டத்தின் மூத்தவர் தாடிக்காரர், "உனக்கு மட்டும் எங்கேருந்துய்யா வருது?" என்று பொறாமைப்படுவாராம். அந்தக் கேள்விக்கும் யாரும் பதில் எதிர்பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு, நாணயத்தைப் பற்றிய வரியை வாசித்தபடியே கீழே விழுந்து கைகால் இழுத்துக்கொண்டார். போன மாதம்தான் ஒருவர் தரையில் உருண்டு கவிதை வாசித்திருந்தார். இதுவும் அப்படித்தான் என்று எல்லோரும் கை தட்டினார்கள். மூக்குக் கண்ணாடி உடைந்து கன்னத்தில் ரத்தம் வந்த பிறகுதான் கைதட்டல் நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். வயிற்று வலி? வயிற்றுக்குள் கயிறு முறுக்குறான்னு சொல்வாருங்க. கையில் பலம்? விரல் விடுமுறையில போச்சுன்னாரு. வாயில் ருசி? நாணயத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை அவர் கீழே வைத்தார்.

"ரத்த டெஸ்ட் வந்திருச்சு. முழுக்க ஈயம். இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"மாசாமாசம் சொன்னாருங்க. கை தட்டினாங்க."

அந்த வாரம் முடியுமுன் போய்விட்டார்.

அஞ்சலிக் கூட்டம் அதே மாடியில்தான். தாடிக்காரர் எழுந்தார்.

"நம்ம சட்டத்த இன்னியோட மாத்திடுவோம்," என்றார். "கவிதைக்கு அர்த்தம் கேக்க வேணாம். ஆனா எழுதுற மனுஷன் எந்தத் தண்ணியக் குடிக்கிறான், எந்தப் புகையில தூங்குறான்னு கேக்கணும். காத்தையும் மண்ணையும் கெடுக்கிறவன் ஒரு பக்கம். கெட்டுப்போச்சுன்னு ஒருத்தன் சொல்றத அழகா இருக்குன்னு ரசிச்சிட்டு வீட்டுக்குப் போறவன் இன்னொரு பக்கம். ரெண்டு பேருக்கும் இந்தச் சாவுல பங்கு இருக்கு. தங்கச்சி, நாங்க ரெண்டாவது ஆளுங்க."

அன்று யாரும் கை தட்டவில்லை. எல்லோருமாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போய்ப் பட்டறை மேல் புகார் கொடுத்தோம். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலையும் ஜன்னல் கட்டையைத் துடைத்தேன். துணி சாம்பல் நிறமாக வந்தது.